தாத்தாவின் கேசட் பெட்டிகள்: எதை முதலில் பார்ப்பது, எதை முதலில் காப்பது

டர்பனையடுத்த சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு மறைந்த உங்கள் தாத்தா வீட்டுக் கராஜில் ஏறக்குறைய இருநூறு வி.எச்.எஸ். கேசட்டுகளையும், ஒரு சூட்கேஸ் நிறைய வி.சி.டி., டி.வி.டி. தட்டுகளையும், மூடி துருப்பிடித்த இரண்டு 16 மி.மீ. படச்சுருள் டப்பாக்களையும் விட்டுச் சென்றிருக்கிறார். இவற்றில் கட்டாயம் பார்க்க வேண்டிய பழைய படங்கள் பத்தைச் சொல்லுங்கள், மற்றவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: எங்கோ கண்ட பட்டியலை நம்பி 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' படத்தைத் தாத்தாவின் கேசட்டிலேயே போட்டுப் பார்த்து, நாற்பது நிமிடத்தில் நிறுத்திவிட்டீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்த ஒன்று உங்களுக்கு ஏன் பிடிபடவில்லை, குறை படத்திலா, கேசட்டிலா, உங்களிடமா என்பதே அது. குறையில் பெரும்பங்கு கேசட்டுக்கும், அடுத்த பங்கு நீங்கள் தேர்ந்த வரிசைக்கும் உரியது. உங்களுக்கு வரும் பங்கு மிகச் சிறிது என்பதே என் பதில். அதை ஏன் அவ்வளவு துணிவாகச் சொல்கிறேன் என்பதைச் சற்று நீளமாகவே விளக்க வேண்டியிருக்கிறது.

நான் திரைப்பட விமரிசகன் அல்லன். டர்பனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஒலி-ஒளிப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பக்கத்துக் குடும்பங்களின் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்து வருகிறேன். நாடாவைப் பற்றியும் சுருளைப் பற்றியும் நான் சொல்வதைக் கைப்பழக்கத்தில் சொல்கிறேன். எந்தப் படம் உயர்ந்தது என்று சொல்லும் இடங்களில், பல வீடுகளின் பெட்டிகளைத் திறந்து பார்த்த ஒரு ரசிகனின் அபிப்பிராயமாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டிகள் என் கண்முன் இல்லை என்பதால் சில இடங்களில் "இப்படியிருந்தால் இது, அப்படியிருந்தால் அது" என்றுதான் சொல்ல முடியும்.

உங்கள் கராஜில் இருப்பவை இரண்டு வேறு பொருள்கள். ஒன்று, படங்கள். இன்னொன்று, உங்கள் தாத்தாவின் சேகரிப்பு. படங்களில் மிகப் பெரும்பாலானவை வேறிடங்களிலும், பெரும்பாலும் இதைவிடத் தெளிவாகவும் கிடைக்கும். ஆனால் அவர் எவற்றை அடுத்தடுத்து அடுக்கினார், அட்டையில் என்ன எழுதினார், எதை இரண்டு பிரதி வைத்திருந்தார், எதை யாருக்கு இரவல் கொடுத்தார் என்பவை உலகில் அந்தக் கராஜில் மட்டுமே இருக்கின்றன. ஆகையால் ஒரு கேசட்டைக்கூட இடம் மாற்றுவதற்கு முன்னால், அடுக்கு அடுக்காக, அட்டைகளின் முதுகு தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு கேசட்டுக்கும் எண் கொடுத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒரு சனிக்கிழமை போய்விடும். ஆனால் அகரவரிசைப்படி "ஒழுங்காக" அடுக்கிவிட்டால், அந்தப் பழைய வரிசையை மறுபடி எவராலும் கொண்டுவர முடியாது.

சில கேசட்டுகளின் முதுகில் பென்சிலால் போட்ட சிறு சிறு கோடுகள் இருப்பதாகவும், அவை கிறுக்கல் என்று தோன்றுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அழித்துவிடாதீர்கள். ஒருமுறை பார்த்தால் ஒரு கோடு போடும் வழக்கத்தை நான் இரண்டு வீடுகளில் கண்டிருக்கிறேன். மூன்றாவது ஒரு வீட்டில் அது இரவல் போனதற்கான கணக்காக இருந்தது. உங்கள் தாத்தாவின் கோடுகள் எந்த வகை என்பதை உங்கள் பாட்டியோ, இரவல் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரரோதான் சொல்ல முடியும். எந்த வகையாக இருந்தாலும், கோடுகள் அதிகமாக உள்ள பத்துக் கேசட்டுகளின் பெயரை எழுதிப் பாருங்கள். நீங்கள் என்னிடம் கேட்ட பட்டியலை அவரே போட்டு வைத்திருப்பதாகத் தெரிய வரலாம். அதில் உள்ள படங்கள் எந்த விமரிசகரின் பட்டியலிலும் இல்லாமலும் போகலாம். எங்கள் வீட்டுப் பெரியவர்களில் பலர், பெயர்பெற்ற படங்களைவிட ஒரே ஒரு சாவுக்காட்சிக்காகவோ ஒரு நகைச்சுவைக்காகவோ எந்தப் பேரும் எடுக்காத படங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

இதே காரணத்தால், அட்டையில் எழுதியிருப்பதை நம்பி எதையும் எறியாதீர்கள். கேசட் விலை கூடிய பொருளாக இருந்த நாளில் யாரும் மிச்ச நாடாவை வீணாக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் எம்.ஜி.ஆர். படங்களை மட்டும் மாற்றித் தந்தால் போதும் என்று ஒரு பெட்டியை என்னிடம் கொண்டுவந்தது. எந்தக் கடையிலும் கிடைக்கக்கூடிய ஒரு படம் என்று நான் ஒதுக்கி வைக்கவிருந்த நான்கு மணி நேரக் கேசட்டில், படம் முடிந்து சற்று நேரம் வெறும் புள்ளிமழை ஓடிய பிறகு, அம்கேனி ரோடு கோயில் காவடியை வீட்டுக் கேமராவால் எடுத்த இருபது நிமிடம் இருந்தது. அலகு குத்திக்கொண்டு வருகிறவர் அந்த வீட்டுத் தாத்தா. அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருகிறவள், என்னிடம் கேசட் கொண்டுவந்த அம்மாளின் சிறு வயது. அந்தப் படத்துக்கு உலகெங்கும் பிரதிகள் இருக்கும். இந்த இருபது நிமிடத்துக்கு வேறு பிரதியே கிடையாது. எனவே ஒவ்வொரு கேசட்டையும் கடைசி வரை வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். வீட்டில் பதிவு செய்தவையே மாற்ற வேண்டியவற்றில் முதலாவது, கடையில் வாங்கிய பிரபலப் படங்கள் கடைசி.

ஆனால் ஓட்டுவதற்கு முன் சில வேலைகள் உண்டு, இங்கே அவசரப்பட்டால் இழப்பு நிச்சயம். டர்பன் கோடையின் ஈரக் காற்றும் காற்றோட்டமில்லாத கராஜும் சேர்ந்தால் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். கேசட்டின் கண்ணாடிச் சாளரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுற்றிய நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பொடியோ சிலந்தி நூல் போன்ற படலமோ தெரிந்தால், அதை எந்தக் கருவியிலும் போடாதீர்கள். என் வேலையின் தொடக்க ஆண்டுகளில் இதைப் பொருட்படுத்தாமல் ஒரு கேசட்டைப் போட்டேன். அது நடுவில் அறுந்தது மட்டுமல்லாமல், கருவியின் தலைப்பகுதியில் ஒட்டிய பொடி அடுத்து நான் போட்ட மூன்று நல்ல கேசட்டுகளையும் கீறிவிட்டது. அந்த மூன்றில் ஒன்று ஒருவரின் கல்யாணம். பூஞ்சணம் பிடித்தவற்றைத் தனிப் பெட்டியில் வைத்து, முகத்தை மூடிக்கொண்டு கையாண்டு, அதற்கென்றே ஒரு கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். நாடாவை அடுப்பில் சூடாக்கினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது வேறு வகை ஒலிநாடாக்களுக்கு, கட்டுப்பாடான சூட்டில் செய்கிற வைத்தியம். நல்ல நிலையில் உள்ள கேசட்டுகளின் முதுகில் ஒரு மூலையிலுள்ள சிறிய பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுங்கள், அதன்பின் தவறிக்கூட அதன்மேல் வேறொன்று பதிவாகாது. ஒருமுறை முழுவதும் ஓட்டி மறுபடி சுற்றிய பிறகே பாருங்கள். படுக்க வைக்காமல், புத்தகம் போல் நிற்க வைத்து, வீட்டுக்குள் உட்சுவரை ஒட்டிய அலமாரியில் வையுங்கள்.

நாடா இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே வயதுள்ள இரண்டு கேசட்டுகளில் ஒன்று பளிச்சென்றும் மற்றது பாழாகியும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வைத்திருந்த இடம்தான் வயதைவிடப் பெரிய காரணம். ஆனால் கருவிகளின் நிலை ஐயத்துக்கிடமற்றது. வி.எச்.எஸ். கருவிகளைக் கடைசியாகத் தயாரித்து வந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016-இல் அதை நிறுத்திவிட்டது. இப்போது ஓடுபவை எல்லாம் பழைய கருவிகள், உதிரி பாகங்கள் குறைந்துகொண்டே போகின்றன. நாடா தாங்கினாலும் அதை ஓட்ட வழியில்லாமல் போகும் நாள் வரும் என்பதால், "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பதற்கு இடமில்லை.

இனி, கேசட்டின் குறையைப் படத்தின் குறையாக ஏன் எடுத்துக்கொள்கிறோம் என்பதற்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் நாற்பது நிமிட அனுபவத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒரு பழைய படம் உங்கள் தாத்தாவின் கேசட்டுக்கு வந்த பாதையை யோசித்துப் பாருங்கள். பல ஊர் கொட்டகைகளில் ஓடித் தேய்ந்த ஒரு பிரதியிலிருந்து விடியோ எடுத்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு பிரதி, அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி. ஒவ்வொரு நகலிலும் கூர்மையும் ஒலியும் குறையும். கறுப்பு வெள்ளைப் படத்தில் அழகு என்பது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள சாம்பல் நிறங்களில்தான் இருக்கிறது, மூன்றாவது நகலில் முதலில் போவதும் அதுவே. முகத்தில் ஒளி விழும் விதத்தைக் கொண்டு கதை சொன்ன ஒளிப்பதிவாளரின் உழைப்பு வெள்ளைத் திட்டாகவும் கறுப்புத் திட்டாகவும் மிஞ்சுகிறது. ஒலியிலும் அப்படித்தான்: அந்தக் காலப் பாடகரின் கமகம் கரகரப்புக்குள் புதைந்துவிட்டால் மிஞ்சுவது நீளம் மட்டுமே.

நீளத்திலும் ஒரு சூது உண்டு. வழக்கமான இ-180 கேசட் மூன்று மணி நேரம் கொள்ளும். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடுவது. நம் தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த பி.ஏ.எல். தொலைக்காட்சி முறை நொடிக்கு 25. ஆகவே 24-ஐ 25-ஆக ஓட்டி விடியோ எடுத்தார்கள், 200 நிமிடப் படம் 192 நிமிடமாகச் சுருங்கியது. அப்படியும் அது 180 நிமிடக் கேசட்டில் அடங்காது. மீதியை என்ன செய்தார்கள் என்றால், பெரும்பாலும் பாட்டையோ நகைச்சுவைப் பகுதியையோ வெட்டினார்கள், சிலர் முடிவையே வெட்டினார்கள். "கதை தாவுகிறது" என்று பழைய படங்களைப் பற்றி இளையவர்கள் என்னிடம் சொல்லும்போது, முதலில் கேசட்டின் நீளத்தைத்தான் பார்ப்பேன். வேகம் கூடியதால் சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும்; தாத்தாவின் இசைத்தட்டுகளும் வீட்டில் இருந்தால் ஒரே பாட்டை இரண்டிலும் போட்டுக் கேளுங்கள், காது பழகியவர்க்கு உடனே தெரியும். வி.சி.டி.யில் இன்னொரு தொல்லை: ஒரு தட்டில் ஒன்றே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் அடங்கும் என்பதால் ஒரு படம் இரண்டு மூன்று தட்டாகப் பிரியும், மூன்றாவது தட்டு எப்போதும் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கும்.

இன்றைய அகலத் தொலைக்காட்சி தன் பங்குக்கு அந்தக் காலப் படத்தை இழுத்து அகட்டிவிடுகிறது. 1973-இல் 'ராஜராஜ சோழன்' வரும் வரை தமிழில் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரைப் படம் கிடையாது. அதற்கு முந்தைய படங்கள் ஏறக்குறைய சதுரமானவை. தொலைக்காட்சியின் அமைப்பில் நான்குக்கு மூன்று என்ற அளவைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். பத்மினியின் முகம் அகன்று தெரிவதைவிட அது மேல். பிற்காலத்து ஈஸ்ட்மன் கலர்ப் படங்கள் ரோஜா நிறத்தில் வெளுத்திருந்தால் அது எடுத்தவர்களின் ரசனை அன்று, சாயம் மங்கியதன் விளைவு. ஆனால் 1958-இல் வந்த 'நாடோடி மன்னன்' பாதிக்கு மேல் திடீரென்று வண்ணத்துக்கு மாறினால் கேசட்டைச் சந்தேகிக்காதீர்கள். அந்தப் படமே அப்படி எடுக்கப்பட்டதுதான்.

நம் ஊருக்கென்று இருந்த காரணங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்திய அரசு 1946-லேயே தென்னாப்பிரிக்காவுடன் வாணிகத்தை நிறுத்திவிட்டது. அப்படியிருந்தும் கிரே ஸ்ட்ரீட் வட்டாரத்து அவலோன், ஷாஜஹான், ராஜ், நாஸ் போன்ற பயாஸ்கோப் கொட்டகைகள் இந்தியப் படங்களைக் காட்டி வந்தன. தொலைக்காட்சி இந்த நாட்டுக்கு வந்ததே 1976 ஜனவரியில்தான். அதற்கு முன்னால் படம் பார்க்க வேண்டுமானால் பயாஸ்கோப்புக்குப் போக வேண்டும், இல்லையென்றால் 16 மி.மீ. புரொஜெக்டரையும் சுருளையும் வாடகைக்கு எடுத்துவந்து, வெள்ளைத் துணி கட்டி, அக்கம்பக்கத்தாரோடு பார்க்க வேண்டும். உங்கள் தாத்தா கேசட் சேர்க்கத் தொடங்கியபோது அவர் படத்தைப் புதிதாகப் பார்க்கவில்லை. இருபது முப்பது ஆண்டுக்கு முன் பெரிய திரையில் பார்த்ததை நினைவுபடுத்திக்கொண்டார். மங்கலான பிரதி அவருக்குப் போதுமானதாக இருந்ததற்கு இதுவே காரணம் என்பது என் ஊகம். மீதியை அவர் மனம் நிரப்பிக்கொண்டது. உங்களிடம் நிரப்புவதற்கு அந்த நினைவு இல்லை. எனவே அவருடைய கேசட்டைப் பத்திரப்படுத்துங்கள். படத்தைப் பார்ப்பதற்குக் கிடைக்கும் நல்ல பிரதியைத் தேடுங்கள். 1964-இல் வந்த 'கர்ணன்' படத்தைச் செப்பனிட்டு 2012-இல் மறுபடி வெளியிட்டபோது, புதுப் படங்களோடு போட்டியிட்டு ஓடியது. மக்களின் ரசனை ஒரே நாளில் மாறிவிடவில்லை. படம் உண்மையில் எப்படியிருக்கிறதோ, அதைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

அடுத்தது வரிசை. மிகப் பழையதிலிருந்து தொடங்கிக் காலவரிசையாக முன்னே வருவது மாணவர்களுக்குச் சரி. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு நான் எப்போதும் சொல்வது, தெரிந்த இடத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படியாக இறங்குங்கள் என்பதே. காதும் கண்ணும் ஒரே நாளில் அறுபது எழுபது ஆண்டைத் தாண்டா. உங்களுக்கு ரஜினியைத் தெரியும். ஆகவே 1978-இல் மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' முதற்படி. விஞ்ச் ஓட்டும் காளிக்கும் அவன் தங்கைக்கும் இடையிலான பாசமும் வீம்பும்தான் கதை. இளையராஜாவின் இசையும் பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவும் நீங்கள் பழகிய சினிமாவுக்கு மிக அருகில் இருக்கின்றன. வசனம் எவ்வளவு குறைவு என்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இறங்க இறங்க அது கூடிக்கொண்டே போகும்.

அங்கிருந்து 1964-க்கு, ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. படம் எடுக்கத் துடிக்கும் நாகேஷ், பாலையாவை உட்கார வைத்துப் பேய்க்கதை சொல்லும் காட்சியை, மொழி அரைகுறையாகத் தெரிந்த என் பேரப்பிள்ளைகள்கூட விழுந்து விழுந்து சிரித்துப் பார்த்தார்கள். அதில் வேடிக்கை நாகேஷின் வாயில் மட்டும் இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் வெளிறிக்கொண்டே போகும் பாலையாவின் முகத்தில்தான் பாதிக்கு மேல் இருக்கிறது. பழைய நடிகர்களைப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு இந்த ஒரு காட்சி போதும்: பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரைப் பாருங்கள்.

மூன்றாவது படியாக 1954-இல் ஏவி.எம். தயாரித்து, வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டே இல்லாத தமிழ்ப் படம். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட 1943-ஐப் பின்னணியாகக் கொண்டு, ஒரு கொலையை ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் சொல்கிறார்கள். "பழைய படம் என்றால் பாட்டாகவே இருக்கும்" என்ற எண்ணத்தை இது ஒரே மாலையில் போக்கிவிடும். கதையை யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். தாத்தாவின் பெட்டியில் இது இல்லையென்றால் வியப்படைய வேண்டாம். பாட்டுக்காகக் கேசட் வாங்கிய தலைமுறை இதை அவ்வளவாக வாங்கவில்லை, நான் திறந்த பெட்டிகளில் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன்.

அதற்கடுத்து 1952-இன் 'பராசக்தி'. இதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடல் கடந்த தமிழருக்கு இதில் தனிச் செய்தி இருக்கிறது. கதையின் மூன்று சகோதரர்களும் ரங்கூனில் வாழ்பவர்கள், தங்கை மதுரையில். தாய்நாட்டைப் பற்றிய கனவோடு வந்து இறங்கும் இளையவன், சென்னையில் கைப்பொருளைப் பறிகொடுத்துத் தெருவில் நிற்கிறான். சிவாஜி கணேசன் கதாநாயகனாக நடித்த முதல் படம், வசனம் மு. கருணாநிதி. நீதிமன்ற வசனத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். என்னைப் பிடித்து வைப்பது, அக்கரையிலிருந்து வந்தவனை ஊர் எப்படி நடத்துகிறது என்பதைக் காட்டும் அந்த முற்பகுதி. நம் வீடுகளில், ஊரைப் பார்க்கப் போய்வந்த பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லாத சில அனுபவங்கள் அதில் இருக்கின்றன. இந்தப் படியில் தடங்கல் மொழிதான். அடுக்கடுக்காக வரும் அந்தத் தமிழ் மேடைத் தமிழ். வீட்டில் நாம் பேசுவது அன்று. முதல்முறை எல்லாச் சொல்லும் புரிய வேண்டும் என்று முயலாதீர்கள். ஆங்கிலத் துணைவரிகள் உள்ள டி.வி.டி. கிடைத்தால் நல்லது, ஆனால் அவற்றில் பல பாட்டு வந்ததும் மௌனமாகிவிடும் என்பதையும், சிலேடையை எதுவும் பெயர்ப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல துணைவரி பக்கத்தில் உட்காரும் பெரியவர்தான்.

பிறகு 1948-இல் ஜெமினி எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா'. மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் படம். ஒரே அமர்வில் வேண்டாம், அந்தக் காலத்தில் இடைவேளை என்று ஒன்று இருந்தது. பெரிய முரசுகளின் மேல் ஆடும் நடனம்தான் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு முன் வரும் சர்க்கஸ் பகுதியில் பொறுமை இழக்காதீர்கள். இதில் டி.ஆர். ராஜகுமாரியைப் பார்த்துப் பழகிய பிறகு, கடைசிப் படியாக, நீங்கள் நிறுத்திவிட்டு எழுந்துபோன 'ஹரிதாஸ்' படத்துக்குத் திரும்புங்கள். அதிலும் அவர்தான் ஆடுகிறார், இந்த முறை அறிமுகமான முகமாக. அந்தப் படம் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்றால், மக்கள் கதையின் முடிவை அறிவதற்காகப் போகவில்லை. எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடுவதைக் கேட்கப் போனார்கள். அதைப் படமாக மட்டும் பார்த்தால் பாட்டு கதையை நிறுத்துவதாகத் தோன்றும். கச்சேரியாகக் கேட்டால் கதைதான் பாட்டுக்கு வழிவிடுகிறது. ஒரு வாரம் முன்பே 'மன்மத லீலையை வென்றார் உண்டோ' பாட்டை வண்டி ஓட்டும்போதும் சமைக்கும்போதும் நான்கைந்து முறை கேட்டு வையுங்கள். சாருகேசி ராகம் காதில் ஏறிய பிறகு அந்தக் காட்சி வரும்போது, கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களின் எதிர்பார்ப்பு உங்களுக்கும் இருக்கும். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை, அதில் குற்றம் ஒன்றுமில்லை. எனக்கே பாகவதரை நாற்பது வயதுக்கு மேல்தான் பிடித்தது.

தொலைந்துபோன படம் ஏதேனும் இந்தப் பெட்டியில் கிடைக்குமா என்று உங்கள் தம்பி கேட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். தமிழின் முதல் பேசும் படமான 1931-இன் 'காளிதாஸ்' இன்று இல்லை. நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' உள்ளிட்ட ஊமைப் படங்களும் இல்லை. ஆனால் அவை கேசட் பெட்டியில் வர வாய்ப்பு மிகக் குறைவு. கேசட் காலம் வரை தப்பிப் பிழைத்த பிரதியிலிருந்துதான் கேசட்டே எடுக்க முடியும். கேசட்டில் கிடைக்கக்கூடிய அருமை வேறு: பிற்காலப் பிரதிகளில் வெட்டப்பட்ட ஒரு பாட்டு, ஒரு நகைச்சுவைப் பகுதி தாத்தாவின் கேசட்டில் முழுதாக இருக்கலாம். இதை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். எனக்குச் சில முறை கிடைத்திருக்கிறது, பல முறை கிடைக்கவில்லை.

தூக்கிப் போடுவது பற்றி. வீட்டுப் பதிவு உள்ளவற்றையும், கையெழுத்துள்ள அட்டைகளையும், பென்சில் கோடு போட்டவற்றையும் எறியாதீர்கள். கடைசி வரை ஓட்டிப் பார்த்து, வேறொன்றும் இல்லை என்று உறுதியான கடைக் கேசட்டுகளை, நல்ல டி.வி.டி. கையில் இருந்தால், விட்டுவிடலாம். இதைச் சொல்ல என் தொழில் கூசினாலும் இருநூறையும் மாற்றும் செலவு பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டாது. மாற்றியவற்றை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். வீட்டில் எரித்த டி.வி.டி. மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அதன் சாயம் வெயிலிலும் சூட்டிலும் போய்விடும். காவடி, கல்யாணம், கோயில், நாடகம் போன்ற பதிவுகள் இருந்தால், டர்பனில் உள்ள 1860 பாரம்பரிய மையத்தையோ, குவாஸுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுதூலி ஆவண மையத்தையோ கேட்டுப் பாருங்கள். சினிமாக் கேசட்டுகளை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாக அந்த இரண்டு டப்பாக்கள். 16 மி.மீ. சுருள் எளிதில் தீப்பிடிக்கும் பழைய நைட்ரேட் வகையாக இருக்காது, அந்த அளவில் பாதுகாப்புச் சுருளே செய்தார்கள். ஆகவே அச்சம் வேண்டாம். ஜன்னலைத் திறந்துவைத்து மூடியை நெம்பி, முகர்ந்து பாருங்கள். காடி வாடை வந்தால் சுருளின் அடித்தளமே கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அது நிற்காது, குளிர்ச்சியில் வைத்தால் மெதுவாகும், மற்ற சுருளுக்கும் பரவும் என்பதால் இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். புரொஜெக்டரில் மாட்டிப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். சுருங்கிய சுருளின் துளைகளை அது கிழித்துவிடும். சுருளின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். நிமிடத்துக்கு 36 அடி ஓடுவது அது. 400 அடிச் சுருள் என்றால் பதினொரு நிமிடம், 1,600 அடி என்றால் ஏறக்குறைய 44 நிமிடம். மூன்று மணி நேரத் தமிழ்ப் படத்துக்குக் குறைந்தது நான்கு பெரிய சுருள் வேண்டும் என்பதால், உங்களிடம் இருப்பது பெரியவை இரண்டானால் ஏதோ ஒரு படத்தின் பாதி. சிறியவை இரண்டானால் அது சினிமாவாகவே இல்லாமல், உங்கள் வீட்டார் யாரோ எடுத்ததாக இருக்கலாம். முதல் இரண்டடியை மட்டும், பருத்திக் கையுறை போட்டு, விளிம்பைப் பிடித்துப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே காட்டி, பூதக்கண்ணாடியால் பாருங்கள். என்ன தெரிகிறது என்று எழுதுங்கள், அடுத்தது என்ன செய்யலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.